ஸ்பெர்லோங்கா கடலோர மாளிகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த மாளிகை எங்கே இருக்கிறது? இன்று அங்கே என்ன எஞ்சியிருக்கிறது?

இத்தாலியின் மேற்குக் கடற்கரையில், ரோமுக்கும் நேப்பிள்ஸுக்கும் ஏறத்தாழ நடுவே, தெர்ராச்சினா, கயேத்தா என்னும் இரு பழைய துறைமுக ஊர்களுக்கு இடைப்பட்ட பகுதியில் ஸ்பெர்லோங்கா என்ற சிறிய ஊர் இருக்கிறது. வெள்ளைச் சுவர் வீடுகள் நெருங்கி நிற்கும் அந்த ஊருக்குத் தெற்கே நீண்ட மணற்கரை ஒன்று ஓடுகிறது. கரை முடிந்து சுண்ணாம்புப் பாறை மலை கடலுக்குள் இறங்கும் இடத்தில் இயற்கையாக அமைந்த பெரிய குகை வாய் திறந்து நிற்கிறது. குகைக்கு முன்னால் ரோமானியர் கட்டிய குளங்களும், குகையை ஒட்டிக் கரை நெடுகிலும் மாளிகையின் அடித்தளச் சுவர்களும் இன்றும் உள்ளன.

எரிமலைச் சாம்பலில் புதையுண்ட பொம்பேயி நகரில் உள்ளது போன்ற வண்ணச் சுவரோவியங்களையோ கூரையுள்ள அறைகளையோ எதிர்பார்த்துச் செல்பவர்கள் முதலில் ஏமாற்றம் அடையக்கூடும். முழங்கால் உயரம் முதல் ஆள் உயரம் வரையிலான சுவர்களும், முற்றங்களின் எல்லைகளும், ஓரிரு அறைகளின் தரைகளும்தான் மாளிகைப் பகுதியில் காணக் கிடைக்கின்றன. இந்த இடத்தின் உயிர் குகையிலும், அதன் நீர்நிலைகளிலும், அங்கிருந்து எடுக்கப்பட்டுப் பக்கத்து அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ள பளிங்குச் சிற்பங்களிலும் இருக்கிறது.

இது ரோமானியப் பேரரசர் திபேரியஸின் மாளிகை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

மாளிகையின் சுவர்களில் எங்கும் அவருடைய பெயர் பொறிக்கப்படவில்லை. பழைய நூல்களின் சாட்சியமும் இடத்தின் அமைப்பும் பொருந்திப் போவதே இந்த முடிவுக்கு அடிப்படை. கி.பி. 26-இல் திபேரியஸ் ஒரு குகையில் விருந்துண்டபோது பாறைகள் சரிந்து விழுந்ததாக வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். அந்த மாளிகை லத்தீனில் குகை என்று பொருள்படும் ஸ்பெலூன்கா என்ற பெயரால் அழைக்கப்பட்டது என்றும், அமிக்லே கடலுக்கும் ஃபூந்தி மலைகளுக்கும் இடையில் இருந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். மற்றொரு ரோமானிய வரலாற்றாசிரியரான சூட்டோனியஸும் இதே நிகழ்ச்சியைச் சொல்லி, இடம் தெர்ராச்சினாவுக்கு அருகில் என்கிறார். ஸ்பெர்லோங்கா என்ற இன்றைய ஊர்ப்பெயரிலேயே அந்தப் பழைய பெயர் தங்கியிருக்கிறது. இந்தக் கடற்கரையில் பெரிய குகைகளும் அவற்றை ஒட்டிப் பகட்டான மாளிகைகளும் இருந்தன என்பதை அதே காலத்தில் வாழ்ந்த புவியியலாளர் ஸ்டிராபோவும் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் மாளிகையைத் தொடக்கத்திலிருந்து கட்டியவர் திபேரியஸ் அல்லர். மிகப் பழைய சுவர்கள் பேரரசர்களுக்கு முந்தைய குடியரசுக் காலத்தின் இறுதிப் பகுதியைச் சேர்ந்தவை. அவருடைய தாய் லிவியாவின் தாய்வழிக் குடும்பம் அருகிலுள்ள ஃபூந்தி நகரைச் சேர்ந்தது என்பதால், இந்தச் சொத்து தாய்வழியாக அவருக்கு வந்திருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். இது ஊகமே என்றாலும் நம்பத்தகாத ஊகம் அன்று.

குகை இடிந்த அன்று என்ன நடந்தது?

திபேரியஸ் அப்போது அறுபத்தைந்து வயதைக் கடந்திருந்தார். ரோமை விட்டுத் தெற்கே நேப்பிள்ஸைச் சூழ்ந்த கம்பானியாவுக்குப் புறப்பட்ட அந்தப் பயணத்திற்குப் பிறகு, கி.பி. 37-இல் இறக்கும் வரையில் அவர் தலைநகருக்குள் மீண்டும் நுழையவே இல்லை. வழியில் இந்தக் குகையில் விருந்து நடந்துகொண்டிருந்தபோது வாயிற்பக்கப் பாறைகள் திடீரென்று சரிந்து பணியாளர் சிலரை நசுக்கின. எல்லோரும் அஞ்சி ஓட, காவற்படைத் தலைவராகிய செஜானஸ் மட்டும் பேரரசரின் மேல் கவிந்து, முழங்கால்களையும் கைகளையும் ஊன்றித் தம் உடலாலேயே விழும் கற்களைத் தடுத்தார் என்றும், மீட்க வந்த வீரர்கள் அவரை அந்த நிலையிலேயே கண்டார்கள் என்றும் டாசிட்டஸ் விவரிக்கிறார்.

அதுமுதல் திபேரியஸ் அந்த மனிதரை முழுமையாக நம்பினார். அந்த நம்பிக்கையைக் கொண்டு செஜானஸ் ரோமில் தம் எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்தினார், கடைசியில் கி.பி. 31-இல் திபேரியஸின் ஆணையால் தாமும் கொல்லப்பட்டார். சூட்டோனியஸோ விருந்தினரும் பணியாளருமாகப் பலர் இறந்ததை மட்டும் சொல்கிறார், செஜானஸைக் குறிப்பிடவில்லை. டாசிட்டஸுக்கு இந்த விபத்து ஓர் அதிகாரியின் எழுச்சிக் கதையின் திருப்பம். சூட்டோனியஸுக்கு அது பேரரசர் எதிர்பாராமல் உயிர்தப்பிய ஒரு தருணம். நசுங்கி இறந்தவர்களின் பெயரை இருவருமே எழுதவில்லை. இந்தக் குகையின் வரலாற்றைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெயரற்றவர்களை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

ரோமானியச் செல்வர்கள் ஏன் கடலோரத்தில் இத்தகைய மாளிகைகளைக் கட்டினார்கள்?

நகரத்தின் அலுவல்களிலிருந்தும் வழக்குகளிலிருந்தும் அரசியலிலிருந்தும் விலகிப் படிப்பதற்கும், நண்பர்களுடன் உரையாடுவதற்கும், விருந்துண்பதற்கும் உரிய ஓய்வு வாழ்க்கையை ரோமானிய மேட்டுக்குடியினர் பெரிதும் மதித்தார்கள். கி.மு. 2-ஆம் நூற்றாண்டு முதல், ரோமைச் சூழ்ந்த லத்தியம், கம்பானியக் கடற்கரைகளில் அவர்களுடைய மாளிகைகள் பெருகின. எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் கலந்த சாந்து நீருக்கடியிலும் இறுகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தமையால் கடலுக்குள்ளேயே சுவர் எழுப்பவும் குளம் கட்டவும் முடிந்தது. ஓய்வு என்ற பெயரில் நடந்தவற்றில் செல்வத்தைக் காட்டும் போட்டியும் நிறைய இருந்தது என்பதை அக்கால எழுத்தாளர்களே கண்டித்திருக்கிறார்கள்.

குகைக்கு முன்னுள்ள குளங்கள் எதற்காகக் கட்டப்பட்டவை?

குகைக்குள் வட்டமான குளம் ஒன்று இருக்கிறது. அதனோடு இணைந்து, வெளியே கடற்பக்கமாகப் பெரிய செவ்வகக் குளம் ஒன்று நீள்கிறது. செவ்வகக் குளத்தின் நடுவே சிறிய தீவு போல ஒரு மேடை கட்டப்பட்டிருக்கிறது. விருந்தினர் அந்த மேடையில் சாய்வு மஞ்சங்களில் படுத்தபடி, நாற்புறமும் நீர் சூழ, குகையின் உட்புறத்தை நோக்கி உணவருந்தினார்கள் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விளக்கம்.

குளங்களில் மீன் வளர்க்கப்பட்டது. இதற்கு மறுக்க முடியாத சான்று குளச்சுவர்களிலேயே இருக்கிறது: மீன்கள் வெயிலிலிருந்து ஒதுங்கிப் பதுங்குவதற்காக மண்சாடிகளைப் படுக்கைவாட்டில் சுவருக்குள் பதித்து, அவற்றின் வாய் மட்டும் நீருக்குள் திறந்திருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். வேளாண்மை பற்றி எழுதிய கொலுமெல்லாவும் மீன் குளங்களின் சுவர்களில் இத்தகைய பதுங்குமிடங்கள் வேண்டும் என்று அறிவுரை சொல்லியிருக்கிறார். இவற்றால் வருமானம் வந்ததா என்று கேட்டால், கி.மு. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் வர்ரோ அதற்கு விடை சொல்லிவிட்டார்: கடலோரச் சீமான்களின் குளங்கள் உரிமையாளரின் கண்ணை நிறைத்தனவே தவிரப் பணப்பையை நிறைக்கவில்லை, காலி செய்தன என்பது அவருடைய கருத்து. ஹொர்டென்சியஸ் என்ற புகழ்பெற்ற வழக்கறிஞர் தாம் வளர்த்த விலாங்கு இன மீன் இறந்ததற்காக அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதும் அளவுக்கு இந்த மோகம் முற்றியிருந்தது.

ஸ்பெர்லோங்காவின் குளங்களை மீன் பண்ணை என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது. குகையின் இருளுக்கும் வெளியின் வெயிலுக்கும் நடுவில் நீர்ப்பரப்பு ஒன்று அமைந்தால், அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி குகையின் கூரையிலும் பளிங்கு உருவங்களின் மேலும் அசைந்துகொண்டே இருக்கும். இந்தக் குகையை வடிவமைத்தவர்கள் அதை உணர்ந்தே நீரையும் கல்லையும் இவ்வாறு சேர்த்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வட்டக் குளத்தின் நடுவில் அவர்கள் எதை நிறுத்தினார்கள் என்று பார்த்தாலே இது விளங்கும்.

குகைக்குள் இருந்த சிற்பங்கள் யாவை?

நான்கு பெரிய சிற்பத் தொகுதிகள் குகையின் கதையை நடத்தின. அவை அனைத்தும் கிரேக்கத் தொன்மத்தில் வரும் டிராய்ப் போரோடும் அதன்பின் கிரேக்க வீரர் ஒடிசியஸ் ஊர் திரும்ப மேற்கொண்ட கடற்பயணத்தோடும் தொடர்புடையவை.

முதலாவது, ஸ்கில்லா. குறுகிய நீரிணை ஒன்றில் பாறைப் பொந்தில் ஒளிந்திருந்து, கடந்து செல்லும் கப்பல்களிலிருந்து மாலுமிகளைப் பறித்துத் தின்னும் அரக்கி அவள். ஒடிசியஸின் தோழர்களில் ஆறு பேரை அவள் பிடித்துக்கொண்டதாக கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காவியம் சொல்கிறது. ஸ்பெர்லோங்காச் சிற்பிகள் அவளை வட்டக் குளத்தின் நடுவிலேயே நிறுத்தினார்கள். இடுப்புக்கு மேல் பெண், இடுப்பைச் சுற்றிப் பாய்ந்து கடிக்கும் நாய்களின் முன்னுடல்கள், கீழே மீன் வால்கள். அவளுடைய பெரிய கை சுக்கான் பிடிப்பவனின் தலையைப் பற்றியிருக்கிறது; அவன் கப்பலின் பின்புறத்தில் விழுந்து கிடக்கிறான். கப்பலின் அந்தப் பகுதியும் மாலுமியும் பளிங்கில் இன்றும் இருக்கின்றன. உண்மையான நீரின் நடுவே, உண்மையான பாறைக் குகைக்குள், தாக்கப்படும் கப்பலைப் பார்த்தபடி விருந்தினர் உணவருந்தினார்கள்.

இரண்டாவது, ஒற்றைக் கண் அரக்கன் போலிஃபீமஸைக் குருடாக்கும் காட்சி. குகையின் பின்புறத்தில் உள்ள ஓர் உட்குழிவில் இது வைக்கப்பட்டிருந்தது. ஒடிசியஸையும் தோழர்களையும் தன் குகையில் அடைத்து ஒவ்வொருவராகத் தின்றுவந்த போலிஃபீமஸுக்கு அவர்கள் மது கொடுத்து மயக்கி, கூராக்கிய மரத்தை அவனுடைய கண்ணில் பாய்ச்சினார்கள். சிற்பத்தில் மனிதனை விடப் பல மடங்கு பெரிய அரக்கன் போதையில் மல்லாந்து கிடக்கிறான். இரண்டு பேர் மரத்தைத் தாங்குகிறார்கள். தலைமாட்டில் ஒடிசியஸ் அதன் முனையை வழிநடத்துகிறார். தோல்பையில் மது கொண்டுவந்தவன் அச்சத்தில் பின்வாங்குகிறான். அரக்கனின் கால்களும், மது கொண்டுவந்தவனின் உடலும், கூம்புத் தொப்பி அணிந்த ஒடிசியஸின் தலையும் மூலப் பளிங்கில் கிடைத்திருக்கின்றன. அந்தத் தலையின் முன் சிறிது நேரம் நிற்பது நல்லது. கலைந்த தாடியும் திறந்த வாயும் விரிந்த கண்களும் கொண்ட அந்த முகத்தில் வீரத்தை விட அச்சத்தை அடக்கி வேலையை முடிக்கும் கவனமே மிகுதியாகத் தெரிகிறது.

மற்ற இரண்டு தொகுதிகள் வட்டக் குளத்தின் முன்புறத்தில் இருபக்கமும் நின்றன. ஒன்றில் ஒடிசியஸும் அவருடைய தோழன் டயமீடும் டிராய் நகரைக் காப்பதாக நம்பப்பட்ட பலேடியம் என்ற அதீனா தேவியின் சிலையைத் திருடுகிறார்கள். மற்றொன்றில் ஒரு வீரன் இறந்த தோழனின் உடலைப் போர்க்களத்திலிருந்து சுமந்து வருகிறான். அது கிரேக்க வீரன் அகிலீஸின் உடலைத் தூக்கும் ஒடிசியஸா, அகிலீஸின் நண்பன் பத்ரோக்ளஸைத் தூக்கும் கிரேக்க அரசன் மெனலாவுஸா என்பதில் அறிஞர்களுக்குள் உடன்பாடு இல்லை. இவை தவிர, குகை வாயின் மேலே கழுகு தூக்கிச் செல்லும் கனிமீட் என்ற டிராய் இளவரசனின் சிலை, செந்நீல வரிகள் ஓடிய பளிங்கில் செய்யப்பட்டு நின்றது.

திபேரியஸ் ஏன் ஒடிசியஸின் கதையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்?

முதல் காரணம் இந்தக் கடற்கரையேதான். ஸ்பெர்லோங்காவிலிருந்து பார்த்தால் மேற்கே தொடுவானத்தில் தெரியும் சிர்ச்செயோ மலையை, மாலுமிகளைப் பன்றிகளாக்கிய சூனியக்காரி சர்சேயின் இருப்பிடம் என்று பழங்காலத்தார் நம்பினார்கள். கிழக்கே ஃபோர்மியே நகரை நரமாமிசம் உண்ட லைஸ்திரிகோனியரின் ஊர் என்றார்கள். பக்கத்துக் கயேத்தாவோ டிராயிலிருந்து வந்த ஈனியஸின் செவிலித்தாய் அடக்கமான இடம் என்று ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியம் சொல்கிறது. இந்தக் கடலைப் பார்த்தபடி உணவருந்திய ரோமானியர்களுக்கு ஒடிசியஸின் பயணம் எங்கோ நடந்த கதையாக இருக்கவில்லை. கண்ணெதிரே இருந்த நீரில் நடந்த கதையாக இருந்தது.

இரண்டாவது காரணம் பேரரசரின் இயல்பு. திபேரியஸ் தொன்மக் கதைகளின் நுணுக்கங்களில் மிகுந்த ஈடுபாடு கொண்டவர். டிராய் அரசி ஹெக்கூபாவின் தாய் யார், பெண் வேடத்தில் ஒளிந்திருந்தபோது அகிலீஸுக்கு என்ன பெயர், பாட்டால் மாலுமிகளை மயக்கும் சைரன்கள் வழக்கமாக எந்தப் பாடலைப் பாடினார்கள் என்றெல்லாம் கேட்டு அவர் அறிஞர்களைச் சோதிப்பார் என்று சூட்டோனியஸ் எழுதுகிறார். அப்படிப்பட்டவருடைய விருந்தில் கண்முன் நிற்கும் இந்தச் சிற்பங்களைச் சுற்றி எத்தகைய உரையாடல் நடந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

சிற்பத் தொகுதிகள் அனைத்தையும் சேர்த்து ஆட்சியின் கொள்கை விளக்கமாகவும் குலப்பெருமையின் அறிவிப்பாகவும் படிக்கும் ஆய்வாளர்கள் உண்டு. அந்தப் படிப்புகளில் கூர்மை இருந்தாலும், சிற்பங்கள் தாங்கக்கூடியதை விட அதிகமான பொருளை அவற்றின் மேல் ஏற்றுகிறார்கள் என்றே தோன்றுகிறது. இடமும் கதையும் அரசரின் சுவையும் ஒன்றையொன்று தேடிக்கொண்டன என்பதே போதுமான விளக்கம்.

இவற்றைச் செதுக்கியவர்கள் யார்? லாவோகூன் சிலையோடு என்ன தொடர்பு?

ஸ்கில்லாத் தொகுதியின் கப்பலில் கிரேக்க மொழியில் கையொப்பம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. அதெனொடோரஸ், ஹகெசாண்டர், பொலிடோரஸ் என்னும் ரோட்ஸ் தீவைச் சேர்ந்த மூன்று சிற்பிகள், தந்தையரின் பெயர்களோடு, இதைத் தாங்கள் செய்ததாகச் சொல்கிறார்கள். 1506-இல் ரோமில் கண்டெடுக்கப்பட்டு இன்று வத்திக்கானில் இருக்கும், பாம்புகளால் நெருக்கப்படும் டிராய்ப் பூசாரி லாவோகூனும் அவருடைய இரு மகன்களும் அடங்கிய சிலை உலகப் புகழ் பெற்றது. லாவோகூனைச் செய்தவர்கள் என்று பிளினி குறிப்பிடும் மூன்று பெயர்களும் இதே மூன்று பெயர்கள்தாம்.

1957-இல் இந்தக் கையொப்பம் கிடைத்தபோது உண்டான பரபரப்புக்கு அளவே இல்லை. உண்மையான லாவோகூன் சிலையே ஸ்பெர்லோங்காவில்தான் கிடக்கிறது என்று கூடத் தொடக்கத்தில் எண்ணினார்கள். உடைந்த துண்டுகள் ஒட்டப்பட்ட பிறகு வெளிப்பட்டது லாவோகூன் அன்று, ஸ்கில்லா. ஆனால் பழைய நூல் ஒன்றில் பெயராக மட்டும் இருந்த ஒரு பட்டறையின் கையை, அவர்களே கையொப்பமிட்ட கல்லில் காணும் வாய்ப்பு கலை வரலாற்றுக்குக் கிடைத்தது. பழங்காலச் சிற்பங்களில் இது மிக அரிது.

சிற்பங்களின் காலம் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் திபேரியஸின் ஆட்சிக்கும் இடைப்பட்டவை என்பது பெரும்பாலோரின் கணிப்பு. பழைய வெண்கலச் சிற்பங்களைப் பார்த்துச் செய்த படிகளா, இந்தக் குகைக்கென்றே புதிதாகப் படைக்கப்பட்டவையா என்பதிலும் இரு தரப்புகள் உள்ளன. எந்தத் தரப்பு சரியானாலும், நீருக்கு நடுவே ஸ்கில்லாவையும் குகையின் உட்குழிவில் போலிஃபீமஸையும் வைத்த ஏற்பாடு இந்த இடத்துக்கே உரியது. அதை எங்கிருந்தும் நகலெடுத்திருக்க முடியாது.

சிற்பங்கள் ஏன் இவ்வளவு சிறு துண்டுகளாக உடைந்திருந்தன?

பாறைச் சரிவால் மட்டும் இது நிகழ்ந்திருக்க முடியாது. குளத்திலும் குகைத் தரையிலும் கிடைத்த ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டுமென்றே அடித்து நொறுக்கப்பட்டவை. பழைய தெய்வங்களின் வழிபாடு மறைந்து கிறித்தவம் வேரூன்றிய காலத்தில் இது நடந்திருக்கலாம் என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. நொறுக்கியவர்கள் துண்டுகளை நீருக்குள் தள்ளியதால், அவை சுண்ணாம்புச் சூளைக்குப் போகாமல் சேற்றில் தங்கின. ரோமின் எண்ணற்ற பளிங்குச் சிலைகள் சுண்ணாம்பாக எரிக்கப்பட்டுச் சுவர்ச் சாந்தாக முடிந்தன என்பதை நினைத்தால், அழிக்க வந்தவர்களின் செயலே இவற்றைக் காத்தது என்றும் சொல்லலாம்.

1957-இல் என்ன நடந்தது? ஊர் மக்கள் ஏன் சாலையை மறித்தார்கள்?

அந்த ஆண்டு தெர்ராச்சினாவையும் கயேத்தாவையும் இணைக்கும் கடலோரச் சாலை போடப்பட்டுக்கொண்டிருந்தது. சாலைப் பணியை நடத்திய பொறியாளர் எர்னோ பெல்லாந்தே, குகையில் பழைய கட்டுமானங்கள் இருப்பதைக் கண்டு அங்கே தோண்டத் தொடங்கினார். பளிங்குத் துண்டுகள் குவியல் குவியலாக வெளிவந்தன. தொல்லியல் அதிகாரி ஜூலியோ யாக்கோப்பி பணியை ஏற்று நடத்தினார்.

கிடைத்தவற்றை ரோமுக்கு எடுத்துச் செல்ல முடிவு செய்யப்பட்டபோது ஸ்பெர்லோங்கா மக்கள் திரண்டு வழியை மறித்தார்கள். மீன்பிடியையும் சிறு விவசாயத்தையும் நம்பி வாழ்ந்த ஏழை ஊர் அது. அதுவரை நல்ல சாலைகூட இல்லாமல் இருந்தது. தங்கள் மண்ணில் கிடைத்தது தங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முடிவில் சிற்பங்கள் ஊரிலேயே தங்கின. அவற்றுக்கென்று குகைக்கு அருகிலேயே தேசியத் தொல்லியல் அருங்காட்சியகம் கட்டப்பட்டு 1963-இல் திறக்கப்பட்டது.

இதை வெறும் ஊர்ப்பற்று என்று ஒதுக்குவது தவறு. ரோமின் பெரிய அருங்காட்சியகம் ஒன்றின் கூடத்தில் இந்தத் துண்டுகள் நின்றிருந்தால், நூற்றுக்கணக்கான பிற பளிங்குச் சிலைகளுக்கு நடுவே அவையும் சில சிலைகளாக இருந்திருக்கும். இன்று அருங்காட்சியகத்தில் ஸ்கில்லாவின் கையைப் பார்த்துவிட்டுச் சில நிமிடம் நடந்தால், அவள் நின்ற குளத்தின் ஓரத்திலேயே போய் நிற்கலாம். சிற்பத்தின் அளவும் கோணமும் ஏன் அப்படி அமைந்தன என்பது அங்கே நின்றால்தான் புரிகிறது. கலை வரலாற்றைப் பற்றி எந்தப் பயிற்சியும் இல்லாத அந்த மக்கள் எடுத்த நிலைப்பாடு, தொல்லியலின் பார்வையிலும் சரியான நிலைப்பாடு என்று நான் முழு மனதோடு நம்புகிறேன்.

அருங்காட்சியகத்தில் காணும் முழு உருவங்களை எவ்வளவு நம்பலாம்?

மூலத் துண்டுகளையும் மறுஆக்கத்தையும் வேறுபடுத்திப் பார்க்கக் கற்றுக்கொண்டால் குழப்பம் இல்லை. பல்தசாரே கொந்திச்செல்லோ, ஜெர்மன் அறிஞர் பெர்னார்ட் ஆந்திரே ஆகியோரின் நெடுங்கால உழைப்பால் துண்டுகள் பொருத்தப்பட்டன. போலிஃபீமஸின் முழுத் தொகுதி, கிடைத்த துண்டுகளின் அச்சுவார்ப்புகளைக் கொண்டும் விடுபட்ட பகுதிகளை ஊகித்துச் சேர்த்தும் செய்யப்பட்ட மறுஆக்கம். ஊகம் என்றாலும் ஆதாரமற்றதன்று: சிசிலியின் கத்தானியாவில் உள்ள கல்சவப்பெட்டி ஒன்றின் முகப்பில் இதே காட்சி புடைப்பாகச் செதுக்கப்பட்டிருப்பது, யார் எங்கே நின்றார்கள் என்பதைத் தீர்மானிக்க உதவியது. ஸ்கில்லாவின் மறுஆக்கத்தில் விவாதத்துக்கு இடம் அதிகம். அங்கே துண்டுகள் மிகுதி. அவற்றைப் பிணைக்கும் இடங்கள் குறைவு.

குகையில் கிடைத்த கவிதைக் கல்வெட்டு எதைப் பற்றியது?

ஃபவுஸ்டினஸ் என்பவர் பெயரில் லத்தீன் செய்யுள் பொறித்த பளிங்குப் பலகை ஒன்று குகையில் கிடைத்தது. மாந்துவா நகரம் தன் தெய்வீகக் கவிஞரை, அதாவது வர்ஜிலை, மீண்டும் உயிரோடு தர முடிந்தால் அவரும் இந்த வேலைப்பாட்டைக் கண்டு வியந்து இந்தக் குகைக்குத் தோற்றுப்போவார் என்பது அதன் கருத்து. ஒடிசியஸின் தந்திரங்களையும் அரக்கனின் கண்ணையும் ஸ்கில்லாவையும் அது குறிப்பிடுவதால், சிற்பத் தொகுதிகளை அடையாளம் காண்பதற்கு இந்தச் செய்யுள் நேரடிச் சான்றாக உதவியது. கவிஞர் மார்ஷியலின் நண்பரான ஃபவுஸ்டினஸே இவர் என்று கருதுவோர் உண்டு. அப்படியானால், திபேரியஸுக்குப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் குகை காண்போரை ஈர்த்துக்கொண்டிருந்தது என்றாகிறது.

இதைப் பின்பற்றி வேறு இடங்களிலும் இவ்வாறு கட்டினார்களா?

ஆம். பேரரசர் கிளாடியஸ் நேப்பிள்ஸுக்கு அருகிலுள்ள பையாவில் கட்டிய விருந்து மண்டபத்தில் போலிஃபீமஸுக்கு மது கொடுக்கும் காட்சி இருந்தது. நிலம் தாழ்ந்து அந்த மண்டபமே கடலுக்குள் மூழ்கிவிட்டதால் சிலைகள் நீருக்கடியிலிருந்து மீட்கப்பட்டன. பின்வந்த பேரரசர்களில் தொமிஷியன் அல்பானோ ஏரிக்கரையில் அமைத்த குகையிலும், ஹேட்ரியனின் திவோலி மாளிகையிலும் ஸ்கில்லாவின் உருவங்கள் கிடைத்திருக்கின்றன. காப்ரித் தீவின் நீலக் குகையில் 1964-இல் கடலடியிலிருந்து ரோமானியச் சிலைகள் எடுக்கப்பட்டன. திபேரியஸ் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தது அந்தத் தீவில்தான்.

தமிழகத்தோடு இந்த மாளிகைக்கு ஏதேனும் தொடர்பு உண்டா?

மாளிகையோடு நேரடித் தொடர்பைக் காட்டும் பொருள் எதுவும் இல்லை. இருப்பதாகச் சொல்வது மிகையாகும். ஆனால் மாளிகையின் உரிமையாளருக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பு உண்மையானது. கோயம்புத்தூர்ப் பகுதியில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் முதல் பேரரசர் அகஸ்டஸ், அவருக்குப் பின் ஆண்ட திபேரியஸ் ஆகிய இருவருடைய காசுகளே மிகுதி. முசிறித் துறையில் மிளகு ஏற்றிய வணிகம் செழித்த காலம் அவர்களுடைய ஆட்சிக்காலம்.

கி.பி. 22-இல் ஆடம்பரத்தைக் கட்டுப்படுத்துவது பற்றித் திபேரியஸ் ரோமானிய ஆட்சி மன்றத்துக்கு எழுதிய கடிதத்தை டாசிட்டஸ் தருகிறார். எதை முதலில் தடுப்பது என்று கேட்கும் திபேரியஸ், எல்லையின்றி விரியும் மாளிகைகளை முதலில் குறிப்பிடுகிறார். பெண்களின் மணிகளுக்காக ரோமின் செல்வம் அயல்நாட்டாரிடமும் பகைவரிடமும் போய்ச் சேர்வதையும் அதே மூச்சில் சொல்கிறார். குகையையே சிற்பக்கூடமாக்கிய மாளிகைக்கு உரியவர் இப்படி எழுதினார் என்பதை முரண்பாடாகக் காண்பவர்கள் உண்டு. ஆடம்பரத்தைச் சட்டத்தால் ஒழிக்க முடியாது என்பதே அந்தக் கடிதத்தின் முடிவு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நேரில் செல்வோர் எதை முதலில் பார்ப்பது நல்லது?

அருங்காட்சியகமும் தொல்லியல் வளாகமும் ஒன்றையொன்று ஒட்டியே இருக்கின்றன. முதலில் அருங்காட்சியகத்தைப் பார்த்து உருவங்களை மனத்தில் பதித்துக்கொண்டு, பிறகு கடற்கரை வழியாகக் குகைக்கு இறங்குவது என் பரிந்துரை. வெறும் குகையை முதலில் பார்ப்பவர்களுக்குக் குளங்கள் குளங்களாக மட்டுமே தெரியும். கோடை மாதங்களில் கரையில் நிழல் மிகக் குறைவு என்பதால் காலையிலேயே செல்வது நலம். குளத்தின் ஓரத்தில் நிற்கும்போது நீர் தெளிந்திருந்தால், சுவரில் பதித்த சாடிகளின் வாய்களைத் தேடிப் பாருங்கள். குளத்தில் இன்றும் மீன்கள் நீந்துகின்றன.